போய்வரச் சொன்ன பெட்டிசம்

பிரிட்டிஷ் பட்டாளத்தை ஒரே வரியால் எங்கள் கரையில் கட்டிப்போடப் பார்த்த வீரர் உலகத்திலேயே ஒருவர்தான்: கற்பிட்டிப் பெட்டிசம் நானா. மாடு தொலைந்தாலும் மாமியார் ஏசினாலும் ஊர் அவரிடம்தான் ஓடும். இங்கிலீசில் பெட்டிசம், அதாவது மனு, எழுதித் தருவார்.

உலக யுத்தம் முடிந்தது, பட்டாளம் போகவில்லை. களப்புக் கரையில் அப்பா வலை போடும் இடத்தை முள்ளுக்கம்பியால் வளைத்து, வெள்ளைக்காரர் உள்ளே பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். இறால் காலம் நெருங்கியது. அதைத் தவறவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அப்பா நானாவிடம் ஓடினார்.

"நானா, அவங்களப் போகச் சொல்லி ஒரு பெட்டிசம் எழுதுங்க."

"இவ்வளவு காலம் நம்மட ஊர்ல இருந்தவங்கள 'போ'ண்டு எழுதவா தம்பி? மனுசன அனுப்பினா 'போயிட்டு வாங்க'ண்டுதான் அனுப்போணும்!"

"எப்பிடியெண்டாலும் எழுதுங்க. கம்பி போனாச் சரி."

நானா அந்த மரியாதையை அட்சரம் பிசகாமல் இங்கிலீசாக்கினார்: 'தங்கள் பட்டாளம் உடனே போய்த் திரும்பி வரவேண்டுமென்று தாழ்மையுடன் மன்றாடுகிறோம்.' ஊரே கைநாட்டு வைத்தது.

அதை வாசித்த முகாம் துரை அழுதே விட்டாராம்! பதிலை நானாவே சந்தியில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, தமிழாக்கி வாசித்தார். "உங்கள் அன்புக்கு நன்றி. அடுத்த கிழமை போகிறோம். நீங்கள் கேட்டபடி திரும்பி வருவதற்காக, வேலியை அப்படியே விட்டு..." நானா கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டார்.

"உங்கட மரியாதைய உப்புல போட்டு ஊற வைங்க நானா!" என்று அப்பா துடுப்பைத் தூக்கிவிட்டார்.

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேரே முகாமுக்கு நடந்தார். பின்னால் ஊரே போனது. துரை ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நானா எங்கள் வலையைக் காட்டினார், முள்ளுக்கம்பியைத் தொட்டுக் காட்டினார்.

"கோ," என்றார்.

துரையின் முகம் வாடிப்போனது. ஐயோ, நானாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

"கோ அண்ட் கம்! யூ கம்! கம்பி நோ கம்!"

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே பட்டாளத்தார் தங்கள் கையாலேயே வேலியைப் பிடுங்கினார்கள். அந்த வருசத்து முதல் கூடை இறால் நானா வீட்டுக்குத்தான் போனது.

பட்டாளம் திரும்பி வரவில்லை. பல வருசம் கழித்து நானா மவுத்தாகி அடக்கப்பட்டபோது, மையவாடி வாசலில் அப்பா தனியே நின்றார். செத்த வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை அது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நானாவை வேறு எப்படி அனுப்புவது?

"போயிட்டு வாங்க, நானா."