கூலபின்னாவின் கடைசி வேலை தேடுநர்

மனிதகுலம் இதுவரை கண்ட தொழில்களிலேயே உன்னதமானது, பிறரைத் தொழிலுக்குத் தயார் செய்யும் தொழில்தான். உழவனுக்கு மழை வேண்டும். ஆட்டுரோமம் கத்தரிப்பவனுக்கு ஆடு வேண்டும். தயார் செய்பவனுக்கோ, தயாராகாத ஒருவன் இருந்தால் போதும். அவன் கடைசிவரை தயாராகாமலே இருந்துவிட்டால் இன்னும் உத்தமம்.

இந்தப் பேருண்மையை ஆஸ்திரேலியாவிலேயே முதலில் கண்டுகொண்ட பெருமை கூலபின்னா என்ற சிற்றூருக்கு உரியது. இறைச்சி ஆலையை மூடிய அன்று ஊர் சோர்ந்து உட்கார்ந்தது உண்மை. ஆனால் அடுத்த மாதமே, பூட்டிக் கிடந்த வங்கிக் கட்டடத்தில் 'தயார்நிலை மையம்' திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் ஆளுயரத்துக்கு ஒரு சுவரொட்டி: 'வளரும் தொழில்கள்.' அதில் முதலிடத்தில் இருந்தது 'வேலை வழிகாட்டி'.

ஊர்க்காரர்கள் சுவரொட்டியை இரண்டாவது வரிவரை படிக்கவில்லை. பயிற்சி பெற வந்தவர்கள் எல்லாம் பயிற்சி கொடுப்பவர்களாக வெளியே வந்தார்கள். வெளியே என்றால், மேசைக்கு அந்தப் பக்கம். ஆலையில் தோலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த கீத், 'கைகுலுக்கல் பயிற்றுநர்' ஆனார். சம்பளப் பிரிவில் இருந்த பிரான்வின், மைய இயக்குநர் ஆனாள். எலும்பிலிருந்து கறியைப் பிரித்தெடுப்பதில் மன்னனான நெவில், 'உள்ளிருக்கும் திறமையை வெளிக்கொணரும் அலுவலர்' ஆனான். பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் பெரிய வித்தியாசமில்லை, கத்தி ஒன்றுதான் குறைகிறது என்று அவனே சொல்வான்.

இப்படி ஒன்பது பேருக்கு வாழ்வு கிடைத்தது. இது பிடிக்காதவர்கள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். எஞ்சியது ஒருவன். எரல் பாஸ்கோ. ஆலையில் இருபது வருடம் நெவிலுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவன். அவனும் வேலை வழிகாட்டி ஆகியிருக்கலாம். மற்றவர்கள் விண்ணப்பம் கொடுத்த அன்று அவன் மீன் பிடிக்கப் போயிருந்தான்.

ஒரு வேலை தேடுநருக்கு ஒன்பது அலுவலர்கள். அரசர்கள்கூட இத்தனை வைத்தியர்களை வைத்துக்கொண்டு சாகவில்லை.

எரலுக்குக் கிடைத்த பயிற்சிகளை நினைத்தால் பொறாமையாக இருக்கும். திங்களன்று, கண்ணோடு கண் பார்த்தல். செவ்வாயன்று, பார்த்த கண்ணை எப்போது எடுப்பது என்பது. புதனன்று 'குழுவாகச் செயல்படுதல்'. குழு என்று அவன் ஒருத்தன்தான் இருந்ததால், தன்னோடு தானே ஒத்துழைத்து, தனக்குள் எழுந்த கருத்து வேறுபாட்டைத் தானே சுமுகமாகத் தீர்த்துக்கொண்டான். வியாழனன்று 'தலைமைப் பண்பு'. அன்று தன்னைப் பின்தொடர்ந்து தானே தேநீர் குடிக்கப் போனான்.

எல்லாவற்றிலும் கடினமானது வெள்ளிக்கிழமை. அன்று எரல் ஊர்ப் பேச்சை மறக்க வேண்டும்.

கூலபின்னாவில் ஒருவரும் எதற்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வதில்லை. 'ஆமா, இல்ல' என்றால் இல்லை என்று பொருள். 'இல்ல, ஆமா' என்றால் ஆமாம். முதல் வார்த்தை மரியாதைக்கு, இரண்டாவதுதான் பதில். எடுத்த எடுப்பில் 'ஆமாம்' என்று மார்தட்டுகிறவனை, வாக்குக் கேட்க வந்த அரசியல்வாதி என்று நினைத்து ஊர் சிரித்துவிடும்.

"சொல்லு, உனக்குக் குழுவா வேலை பார்க்கப் புடிக்குமா?" என்று நெவில் கேட்பான்.

"இல்ல, ஆமா."

"டேய், இது மதுக்கடை இல்லடா. 'ஆமாம்'னு ஒரே வார்த்தைல சொல்லு. முதலாளிமாருக்கு நம்ம ஊர்ப் பேச்சு புரியாது."

"நீ மட்டும் எப்டிடா பேசின, உன்னை எடுக்கறப்ப?"

"என்னை எடுத்தது பிரான்வின். அவளுக்குப் புரிஞ்சுது."

இப்படி ஒன்றரை வருடம் வாழ்க்கை செழிப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது. எரலுக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஊரில் எஞ்சியிருந்த ஒரே உற்பத்தித் தொழில் துயெத்தின் ரொட்டிக்கடை. துயெத் வியட்நாமிலிருந்து வந்து முப்பது வருடமாகிறது. கறியை மாவுக்குள் பொதிந்து அவள் சுடும் 'மீட் பை' இல்லாமல் தயார்நிலை மையத்தின் மதியம் நகராது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் தம்பி, பிரிஸ்பேனில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். அடுப்புக்கு ஆள் இல்லாமல் போனது.

அன்று பை வாங்கப் போன எரலிடம் அவள் கல்லாவுக்கு மேலாக எட்டிக் கேட்டாள்: "உன் கை நல்லா பலமாத்தானே இருக்கு?"

எரல் நிமிர்ந்து நின்றான். கண்ணோடு கண் பார்த்தான். "என்னோட மிகப் பெரிய பலவீனம், அளவுக்கு மீறின ஈடுபாடு" என்றான்.

"நான் கையைக் கேட்டேன்."

"சவால்களை வாய்ப்புகளா மாத்தறது எனக்கு..."

"எரல். மாவு மூட்டை தூக்குவியா, மாட்டியா?"

"தூக்குவேன்."

"விடியக்காலைல எந்திரிப்பியா?"

"ஆலைல எந்திரிச்சுட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப திங்கக்கிழமை வந்துரு. வர்றியா?"

ஒன்றரை வருடமாக இல்லாத வேலைகளுக்கு நேர்முகத் தேர்வு கொடுத்துக் கொடுத்து, இருக்கிற வேலையை எப்படி வாங்கிக்கொள்வது என்பதே எரலுக்கு மறந்துபோயிருந்தது.

"இல்ல, ஆமா" என்றான்.

"நல்லது" என்றாள் துயெத். முப்பது வருடத்தில் அவளும் ஊர்க்காரி ஆகியிருந்தாள். "ஒண்ணே ஒண்ணு. இன்சூரன்ஸ்காரன் சும்மா விட மாட்டான். நீ மையத்துல பேர் குடுத்தவன். 'தயார்'னு அவங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் உன்னை அடுப்புகிட்ட விடலாம். வாங்கிட்டு வந்துரு."

எரல் கையில் இருந்த பையைத் தின்னக்கூட மறந்து மையத்துக்கு ஓடினான். தெருவை ஓடிக் கடந்தான் என்பதற்காகவே இரண்டு பேர் வண்டியை நிறுத்தி, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்கள்.

மையத்தில் செய்தியைச் சொன்னதும் ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். முதலில் கைதட்டல் கேட்டது. அது வேகம் குறைந்து, தனித்தனித் தட்டலாகி, கடைசியில் கீத் ஒருவர் மட்டும் நினைவில்லாமல் தட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு முதலில் உறைத்தது என்று தெரியவில்லை.

வேலை தேடுநர் இல்லாத மையம், நோயாளி இல்லாத மருத்துவமனை மாதிரி இல்லை. மருத்துவமனையையாவது திறந்து வைத்திருப்பார்கள்.

பிரான்வின் அவசரக் கூட்டம் கூட்டினாள். எரலை நடுவில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்தார்கள். கிரீம் வைத்த பிஸ்கட். ஒன்றரை வருடத்தில் அதை அவன் கண்ணில் காட்டியதில்லை.

"எரல், நீ எங்க குடும்பம்" என்றாள் பிரான்வின். "குடும்பத்தை விட்டுட்டு யாராவது வேலைக்குப் போவாங்களா?"

"எங்கப்பா போனாரே" என்றான் எரல்.

நெவில் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தான். போன மாதம்தான் தவணையில் படகு வாங்கியிருந்தான். அதன் முன்பக்கத்தில் இன்னும் ரிப்பன் இருந்தது. "மச்சான், நல்லா யோசி. சுவரொட்டியைப் பாரு. ரொட்டி சுடறது அதுல எங்கயாச்சும் இருக்கா? அங்க வளர்றது மாவு மட்டும்தாண்டா. தொழில் இல்ல."

"மாவு வளர்ந்தா போதும்னு துயெத் சொல்றா."

"உனக்குத் தகுதி ஜாஸ்திடா. தலைமைப் பண்பு முடிச்சவன் நீ."

"மூட்டை தூக்கறப்ப நானே தலைமை தாங்கிக்கறேன்."

கீத் மெதுவாகக் கேட்டார்: "கைகுலுக்கல் ரெண்டாம் நிலை இன்னும் பாக்கி இருக்கே?"

"கையில மாவு இருக்கும் கீத். எவன் குலுக்குவான்?"

அதற்கு மேல் எரலைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. தயாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது மையம் அல்ல. சிட்னியிலிருந்து வரும் ஒரு தொலைபேசிக் குரல். அது மனிதக் குரல் அல்ல, இயந்திரக் குரல், ஆகவே பாரபட்சமில்லாதது. ஒரே ஒரு கேள்வி கேட்கும். பதிலைப் பதிவு செய்யும். அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு அதுவே வேதவாக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் அழைப்பு வருவதாக ஏற்பாடு. ஒன்பது பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எரல் தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். உதடு அசைய 'ஆமாம், ஆமாம்' என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பிரான்வின் அவன் தோளில் கை வைத்தாள். இனி வருவது ஒரு மைய இயக்குநரின் தனித்திறமை. "பதட்டப்படாத எரல். ஒன்றரை வருஷமா நாங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் தூக்கிப் போடு. இயல்பா பேசு. நம்ம ஊர்க்காரன் மாதிரி பேசு. சரியா?"

எரல் நன்றியோடு அவளைப் பார்த்தான். நெவில் ஜன்னலைப் பார்த்தான்.

தொலைபேசி ஒலித்தது. 'வணக்கம். நீங்கள் வேலைக்கு முழுமையாகத் தயாராக உள்ளீர்களா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்.'

எரல் இயல்பாகப் பேசினான். வாழ்நாள் முழுக்க எப்படிப் பேசினானோ, அப்படி.

"இல்ல, ஆமா."

'நன்றி. "இல்லை" எனப் பதிவு செய்யப்பட்டது. ஆறு மாதம் கழித்து மீண்டும் அழைப்போம்.'

அறையில் இருந்த ஒன்பது பேரும் கூலபின்னாவில் பிறந்தவர்கள். எரல் சொன்னது 'ஆமாம்' என்று ஒன்பது பேருக்கும் தெரியும். ஆனால் இயந்திரத்தோடு வாதாடுவது அநாகரிகம் அல்லவா? ஒன்பது பேரும் நாகரிகமாக இருந்தார்கள்.

"நான் ஆமான்னுதானே சொன்னேன்?" என்று எரல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "நெவில், நீ சொல்லு. நான் என்ன சொன்னேன்?"

நெவில் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினான். அப்புறம் சொன்னான்: "உச்சரிப்புல இன்னும் கொஞ்சம் உழைக்கணும், மச்சான்."

அதன் பிறகு நடந்ததெல்லாம் வளர்ச்சி.

துயெத் கொஞ்ச நாள் ஒற்றை ஆளாக மூட்டையையும் தூக்கி அடுப்பையும் பார்த்தாள். மணிக்கட்டு வீங்கியது. கதவில் 'மூடப்பட்டது' பலகையைத் தொங்கவிட்டு, பூட்டினாள். கூலபின்னாவில் 'தயாராகாதவர்' இன்னும் இருக்கிறார் என்ற செய்தியால் கலங்கிப்போன தலைமையகம், மையத்துக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியது. அந்த இடம் ரொட்டிக்கடை. இப்போது அங்கே, பழைய அடுப்புக்கு எதிரில், சுயவிவரங்கள் சுடச்சுடத் தயாராகின்றன.

மையத்தின் கதவைத் திறந்துகொண்டு ஒரு நாள் இரண்டாவது வேலை தேடுநரும் வந்து சேர்ந்தார். அது துயெத். வேலை தேடுநர் எண்ணிக்கை ஒரே நாளில் இரட்டிப்பானதை முன்னிட்டு பிரான்வின் கேக் வெட்ட விரும்பினாள். கேக் வாங்கக் கடை இல்லை.

"உங்களுக்கு என்னென்ன தெரியும்?" என்று நெவில் கேட்டான், கணினியில் கை வைத்தபடி.

"நெவில், முப்பது வருஷமா என் பையைத் தின்னவன்டா நீ."

"கேக்கணும்னு விதி, துயெத்."

"ரொட்டி சுடத் தெரியும். பை செய்வேன். கடை நடத்துவேன். ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுத்திருக்கேன்."

நெவில் சுவரொட்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு தட்டினான்: 'குறிப்பிடத்தக்க திறன் ஏதும் இல்லை. கண்ணோடு கண் பார்க்கிறார்.'

புதன்கிழமை 'குழுவாகச் செயல்படுதல்' வகுப்பு முதல்முறையாகக் குழுவாக நடந்தது.

"எரல், உனக்கு இது புரியுதா?" என்று துயெத் கிசுகிசுத்தாள். "நான் ரெண்டு பேருக்கு வேலை குடுத்தேன், முதலாளின்னாங்க. நீ ஒம்போது பேருக்கு வேலை குடுக்கற. உன்னை என்னன்னு சொல்றாங்க?"

"வேலை இல்லாதவன்னு."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். 'வகுப்பில் நேர்மறை மனநிலை' என்று கீத் குறித்துக்கொண்டார்.

மதியம் ஆனால் மையம் சோர்ந்துவிடும். அலுவலர்கள் முறைவைத்து அடுத்த ஊருக்கு வண்டியோட்டிப் போய் பை வாங்கி வந்தார்கள். வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிருக்கும். நெவில் தன்னுடையதைத் தக்காளி சாஸில் முக்கிவிட்டு, தின்னாமல் வைத்துவிடுவான்.

ஆறு மாதம் முடிந்து அழைப்பு வந்தது. மறுபடியும் ஒன்பது பேர், இப்போது துயெத்தும். பிரான்வின் எரலின் தோளில் கை வைத்தாள். "இயல்பா பேசு."

எரல் அவள் கையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

'நீங்கள் வேலைக்கு முழுமையாகத் தயாராக உள்ளீர்களா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்.'

"ஆமாம்" என்றான் எரல். ஒரே வார்த்தை. அரசியல்வாதி மாதிரி. ஒருவரும் சிரிக்கவில்லை.

'நன்றி. "ஆம்" எனப் பதிவு செய்யப்பட்டது. உங்களுக்கு ஏதேனும் கேள்வி உண்டா?'

"ஒண்ணு இருக்கு. நான் தயார். வேலை தயாரா?"

தொலைபேசியில் ஏதோ கரகரத்தது. 'உங்கள் கேள்வி உள்ளூர் அலுவலருக்கு மாற்றப்படுகிறது. அலுவலர் அவர்களே, கூலபின்னாவில் வேலை உள்ளதா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்.'

எல்லோரும் நெவிலைப் பார்த்தார்கள். நெவில் ஜன்னல் வழியே எதிர்ப்புறம் பார்த்தான். ரொட்டிக்கடையின் புகைபோக்கியில் ஒரு காக்காடூ கிளி உட்கார்ந்திருந்தது. புகைபோக்கி குளிர்ந்து எத்தனை மாதமாகிறது என்று கிளிக்குத் தெரியும். நெவில் பக்கத்தில் இருந்த எரலைப் பார்த்தான், ஆலையில் இருபது வருடம் பார்த்த மாதிரி. தயார்நிலை மையத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, மனசாட்சிக்கு விரோதமில்லாமல், ஊர்க்காரனாக வாயைத் திறந்தான்.

"ஆமா... இல்ல."

'நன்றி. "ஆம்" எனப் பதிவு செய்யப்பட்டது.'