சரிகையால் கெட்ட ஓட்டக்காரன்

சிட்னியில் ஒரு பல்கலைக்கழக மாணவன் ஓடலாம். ஓடி ஜெயிக்கலாம். ஜெயித்ததற்காக எதையும் வாங்கிவிடக் கூடாது. 1975-இல் இதுதான் விதி. இந்த விதியைக் காப்பதற்கென்றே ‘மாணவர் விளையாட்டுத் தூய்மைக் குழு’ என்று ஒன்று இருந்தது. குழுத் தலைவருக்குச் சம்பளம் உண்டு. காரும், நீலக் கோட்டும், ஒயினோடு மதியச் சாப்பாடும் உண்டு. எல்லாம் போட்டிக்கு டிக்கெட் விற்ற காசுதான். அந்தக் காசு ஓடுகிறவன் கைக்குப் போனால் விளையாட்டு கெட்டுவிடுமாம். ஆகையால் அதைத் தாங்களே தின்று தீர்க்கும் சிரமத்தைக் குழுவினர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து என்ஜினியரிங் படிக்க வந்தவன். கதிர் என்று கூப்பிடுவார்கள். நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாநிலத்தின் எல்லாப் பல்கலைக்கழக மாணவர்களையும் பின்னால் விட்டுவிட்டான். அடுத்த மாதம் தேசிய இறுதிப் போட்டி. அவனுக்கு அது கடைசி வருஷம். இதை விட்டால் இன்னொரு வாய்ப்புக் கிடையாது. மழையென்றும் குளிரென்றும் பாராமல் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான்.

நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன் முன்னுக்கு வந்துவிட்டான் என்று தெரிந்தால் அவனைப் பிடித்து மேடையில் ஏற்றிப் போர்த்தும்வரை நமக்குத் தூக்கம் வராது. சிட்னியின் புறநகரான பரமட்டாவில் ஒரு வாடகை மண்டபத்தில் தமிழ்ச் சங்கம் பாராட்டு விழா எடுத்தது. சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ணன் வெகுநேரம் தன்னைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் கதிரின் பெயரையும் சொல்லி, பொன்னாடை போர்த்தினார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், “அந்தத் துணியில் மின்னுகிறதே, அது என்ன?” என்று கேட்டார்.

“அசல் தங்கச் சரிகை” என்றார் கோபாலகிருஷ்ணன், கொஞ்சமும் கூசாமல்.

அது அவருடைய மச்சினர் சென்னை நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கி அனுப்பிய நைலான். சங்கத்தின் கையிருப்பே அது ஒன்றுதான். போர்த்தி, போட்டோ எடுத்து, கைதட்டல் அடங்கியதும் செயலாளர் வேதவல்லி பின்பக்கமாக வந்து நைசாக உருவி மடித்துக்கொள்வார். அடுத்த பிரமுகருக்கு வேண்டுமே! அன்றைக்கும் அப்படித்தான் உருவினார்.

மறுநாள் பத்திரிகையில் ‘ஓட்டக்கார மாணவருக்குத் தங்க ஆடை’ என்று வந்தது. தூய்மைக் குழு உடனே கூடியது. கதிர் கூலிக்கு ஓடுகிறவன் என்றும், இனி எந்த மாணவர் போட்டியிலும் ஓடக் கூடாது என்றும் தீர்மானம் போட்டது.

கதிர் கோர்ட்டுக்குப் போனான். அவனுடைய வக்கீல் தேவராஜா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். சங்கத் தலைவர் வந்து உண்மையைச் சொன்னால் போதும், வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும் என்றார். கதிர் கோபாலகிருஷ்ணன் வீட்டுக்கு ஓடினான்.

“அங்கிள், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். அது போலிச் சரிகை, அப்பவே திருப்பி எடுத்துப்போட்டம் எண்டு.”

“என்னப்பா பேசுற நீ? அதையேதான் போன மாசம் தூதரக அதிகாரிக்கும் போர்த்தினோம். போலின்னு சொல்லிட்டு அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“அப்ப நான் ஓடேலாது, அங்கிள்.”

“ஓட்டம் என்னப்பா ஓட்டம், இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. சங்கத்தோட மானம் போனா வருமா?”

விசாரணை நாளில் கோபாலகிருஷ்ணன் டை கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார்.

“எதற்காக அந்த ஆடையைப் போர்த்தினீர்கள்?” என்று கேட்டார் குழுவின் வக்கீல்.

“ஓடி ஜெயித்தான், போர்த்தினோம்.”

“தோற்றிருந்தால்?”

“தோற்றவனுக்கு எவனாவது போர்த்துவானா?”

“கனம் நீதிபதி அவர்களே, இதற்குப் பெயர்தான் கூலி.”

தேவராஜா எழுந்தார். “அந்த ஆடை இப்போது என் கட்சிக்காரரிடம் இல்லையே! எங்கே இருக்கிறது?”

பார்வையாளர் வரிசையில் வேதவல்லி தன் கைப்பையை இறுக அணைத்துக்கொண்டார். மாலையில் இன்னொரு விழா இருந்தது.

“விலை உயர்ந்த பொருள் அல்லவா? பாதுகாப்பாக பேங்க் லாக்கரில் வைத்திருக்கிறோம்” என்றார் கோபாலகிருஷ்ணன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். கூலியைக் கையில் வாங்குகிறவன் சாதாரணக் குற்றவாளி. அதைப் பிறரிடம் சேர்த்துவைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறவன் கைதேர்ந்தவன். ஆகவே தடை செல்லும்.

கையில் ஒரு நூல்கூட இல்லாமல் கூலிக்காரன் என்ற பட்டம் வாங்கியவன் அந்த ஊரிலேயே கதிர் ஒருவன்தான். கோபாலகிருஷ்ணனோ வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். நம் சரிகை அசல் என்று வெள்ளைக்காரன் கோர்ட்டே ஒப்புக்கொண்டுவிட்டதாம்.

இறுதிப் போட்டியன்று கதிர் மனசு கேட்காமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். மேல் மாடத்தில் தூய்மைக் குழுத் தலைவர், இரு தரப்பு வக்கீல்கள், சிறப்பு விருந்தினராகக் கோபாலகிருஷ்ணன், எல்லோருக்கும் இலவச நாற்காலி. கீழே ஏழு பேர் ஓடத் தயாராக நின்றார்கள். அவனுடைய நாலாம் தடம் மட்டும் காலி.

குழுத் தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். “நாலாம் தடத்தைப் பாருங்கள். அது எதையும் கேட்பதில்லை, எதையும் வாங்குவதில்லை. நம் விதிகளை முழுமையாகக் கடைப்பிடிப்பது இன்று அது ஒன்றுதான். அதற்கு நம் மரியாதையைச் செலுத்துவோம்.”

அரங்கமே எழுந்து கைதட்டியது. முதலில் எழுந்தவர்கள் நம்மவர்கள்தான்.

“உமக்குத்தான் தம்பி, உம்மட இடத்துக்குத்தான்!” பக்கத்தில் நின்ற தமிழ்ச் சங்கத்து ரஞ்சினி அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கட ஆக்களுக்கு எவ்வளவு மரியாதை பாரும்! எழும்பிக் கை தட்டும்!”

ஓடி ஜெயித்த நாளில் அவனுக்கு இதில் பாதிக் கைதட்டல்கூடக் கிடைக்கவில்லை. கதிர் சுற்றுமுற்றும் பார்த்தான். உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருவன்தான். எழுந்து நின்று அவனும் பலமாகக் கைதட்டினான்.