பீப்பாயில் மூன்று மாதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஒரு மில். அங்கே துளசிராமன் யார்டு சூப்பர்வைசர். அவர் கை காட்டினால் கிரேன் திரும்பும். விசில் அடித்தால் லாரி நிற்கும். வீட்டிலோ தொண்டை கிழியக் கத்தினாலும் மிக்ஸிகூட நிற்காது. பதினெட்டு வருஷ இல்லறத்தில் அவர் சொல்லி ஒரு ஜன்னல் திறந்ததில்லை, ஒரு குழம்பில் உப்பு குறைந்ததில்லை.

உலகத்தில் அவர் பேச்சு எடுபடும் இடம் ஒன்றே ஒன்றுதான். மில் வாசல் டீக்கடை பெஞ்சு. அதிலும் பீர் என்று பேச்சு வந்துவிட்டால் அவர் வைத்ததே சட்டம். எந்தக் கடையில் ஜில்லென்று கிடைக்கும், ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் எது உசத்தி, எது மறுநாள் தலையைப் பிளக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நாலு பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆடி மாதத்தில் அந்த நாலடி பெஞ்சுக்கும் ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் ஆசீர்வாதம். மில்லுக்குப் புதிதாக வந்த எலக்ட்ரீஷியன். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் கப்பலில் இருந்தவர்.

"நாம குடிக்கிறது பீரே இல்ல துளசி" என்றார் ஆசீர்வாதம்.

"பின்ன இன்னா, எளநியா?"

"மெஷின் கழிச்சு ஊத்துன தண்ணி. ஃபாரின்ல சின்னச் சின்னப் பட்டறை வச்சுக்கினு கையால காய்ச்சுவான். அதுக்குப் பேரு கிராப்ட் பீர். அதுல ஸ்டவுட்டுன்னு ஒண்ணு கீது. தார் மாதிரி கறுப்பு. அத ஓக் மரப் பீப்பாயில ஊத்தி மாசக்கணக்கா தூங்க வைப்பான். எழுந்து வரும் பாரு, ஒரு வாய் காப்பி, ஒரு வாய் சாக்லேட்டு, ஒரு வாய் வெல்லம்."

"மளிகைக் கடையவே குடிச்சாப்புல சொல்றியே!"

பெஞ்சு சிரித்தது. ஆனால் சிரித்து முடித்ததும், மேலே சொல் என்று ஆசீர்வாதத்தின் பக்கமே திரும்பிக்கொண்டது. அது துளசிராமனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த வாரமே தெய்வம் கண் திறந்தது. வெளிநாட்டுப் பழைய இரும்போடு வந்த ஒரு கன்டெய்னரில், துருப்பிடித்த பைப்புகளுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு மரப் பீப்பாய் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் இரும்பு வளையம், கீழே ஒரு குழாய். உள்ளே மூக்கை விட்டால் எந்த ஊர்த் துரையோ குடித்து முடித்த விஸ்கியின் வாசம். வளையம் உலைக்கும் மரம் கேன்டீன் அடுப்புக்கும் போக வேண்டியது. துளசிராமன் மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து அதை வாங்கிக்கொண்டார். ஆசீர்வாதம் தன் கப்பல் சிநேகிதன் மூலமாக இரண்டு டஜன் ஸ்டவுட் பாட்டிலை வரவழைத்தார். பிறகுதான் சண்டை தொடங்கியது.

"துளசி, ஃபேக்டரி பாட்டில ஒடச்சு மரத்துல ஊத்திட்டா அது கிராப்ட் ஆயிடாது."

"ஏன் ஆவாது? எவனோ போட்ட காயலாங்கடை இரும்ப நாம உருக்கிக் கம்பி இழுக்கிறோம். அது யாரு கம்பி?"

"நம்ம கம்பி."

"அப்ப மூணு மாசம் நான் கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திக்கினு பாத்துக்கிற பீர் யாரு பீரு?"

ஆசீர்வாதம் தலையைச் சொறிந்தார். "சரி, கும்மிடிப்பூண்டி வெயில்ல அது தேறலன்னா?"

"தேறலன்னா இந்த பெஞ்சுல இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று துளசிராமன் எழுந்து நின்று சபதம் போட்டார். போட்ட பிறகுதான் உறைத்தது. பெஞ்சும் போய்விட்டால் அவர் பேசுவதற்கு இந்தப் பூமியில் வேறு இடமே கிடையாது.

இப்போது அவர் மனைவி பூவம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடிவெள்ளி மகளிர் குழுவின் தலைவி. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பழவேற்காட்டு இறாலில் ஊறுகாய் போட்டு விற்கும் குழு அது. அவள் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், துளசிராமன் பீப்பாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, இருபத்துநாலு பாட்டிலையும் அதற்குள் கவிழ்த்து, மேல் ஓட்டையில் தக்கையை அடித்து, மெழுகை உருக்கி ஊற்றி, ஆசை தாங்காமல் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கென்று பார்த்துக் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"இன்னாங்க இது?"

"பீப்பா."

"அது தெரியுது. உள்ள இன்னா?"

பாவி மனிதர் ஒரு விநாடி யோசித்திருக்கலாம். தண்ணீர் என்றிருக்கலாம், டீசல் என்றிருக்கலாம். அவர் கண் எதிரே அலமாரியில் ஊறுகாய் ஜாடி இருந்தது. "வினிகர்" என்றார்.

"வினிகரா?"

"உனுக்காகத்தான் பூவு. கடை வினிகர் ஊத்தினா ஊறுகாய்ல ஒரு மாதிரி நெடி அடிக்குதுன்னு பொலம்பிக்கினு இருந்தியே. மூணு மாசம் தொறக்கக் கூடாது."

பூவம்மாள் பீப்பாயைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பீப்பாயைப் பார்த்தாள். "என் மேல இவ்ளோ அக்கறையா!" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமா என்று துளசிராமனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் வெற்றி. பனியனோடு வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. குழு மொத்தமும் பீப்பாயைப் பார்க்க வந்திருந்தது. பீப்பாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, கழுத்தில் கதம்பம் சுற்றியிருந்தார்கள். தன் ஸ்டவுட் பொட்டும் பூவுமாக நிற்பதைப் பார்த்து அவர் ஒரு செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டார்.

"கடையில அஞ்சு நிமிசத்துல குடுக்கிறானே, இதுக்கு ஏங்கண்ணா மூணு மாசம்?" என்று கேட்டாள் மேரி. குழுவின் பொருளாளர், அடுத்த வீடு.

"அது மெஷின் வினிகரும்மா" என்றார் துளசிராமன். வேறு வழியில்லை, ஆசீர்வாதத்தின் பேச்சைக் கடன் வாங்கிக்கொண்டார். "இது கையால, பொறுமையா, மரத்துல வச்சுப் பண்றது. இதுக்குப் பேரே வேற."

பன்னிரண்டு பெண்களும் கண் கொட்டாமல் கேட்டார்கள். பூவம்மாள்கூடக் கேட்டாள். கல்யாணமாகி முதல்முறையாகத் தன் பேச்சை அவள் குறுக்கிடாமல் கேட்கிறாள் என்ற மயக்கத்தில் மனிதர் அரைமணி நேரம் வினிகர் பிரசங்கம் செய்தார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் பட்ட பாடு நாய் படாது. இனி வாயில் படும் முதல் பீர் இதுதான் என்று கடைப் பீரைத் தொடவே இல்லை. காலையில் எழுந்ததும் பீப்பாயைத் தட்டிப் பார்ப்பார். காதை வைத்துக் கேட்பார். மில்லுக்குக் கிளம்பும்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறவர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இரண்டாவது மாதம் பீப்பாய்ப் பக்கம் லேசாக ஒரு புளிப்பு வாசம் வந்தது. அவருக்குத் திக்கென்றது. ஆனால் பெஞ்சில் விட்டுக்கொடுக்க முடியுமா?

"வாசம் ஏறுது ஆசீர்வாதம். மூக்குல சுள்ளுனு அடிக்குது."

"சுள்ளுனு அடிக்கக் கூடாதே, துளசி."

"அது உங்க ஊரு கப்பல்ல. எங்க ஊர்ல அடிக்கும். அதான் கிராப்ட்."

சொல்லிவிட்டாரே ஒழிய, சோறு இறங்கவில்லை. இன்னொரு கவலை வேறு. மூன்று மாதம் முடிந்ததும் குழு ஜாடியோடு வந்து நிற்குமே, குழாயைத் திறந்தால் பீர் வருமே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மீஞ்சூர் போய் ஆறு கேன் கடை வினிகர் வாங்கி வந்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பீரை இறக்க வேண்டியது, வினிகரை ஏற்ற வேண்டியது, அவ்வளவுதான் வேலை. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்னேரியில் மகளிர் குழுக் கண்காட்சி என்று பூவம்மாள் காலையிலேயே பட்டுப்புடவை கட்டிக் கிளம்பினாள்.

"சாயங்காலம் ஆயிடும். சோறு, மீன் கொழம்பு எல்லாம் வச்சுக்கீது. பத்திரம்."

தெருமுனை தாண்டியதும் துளசிராமன் போன் அடித்தார். ஆசீர்வாதம் கண்ணாடி டம்ளரோடு வந்தார். ஆறு கேனும் மாடியிலிருந்து இறங்கி வரிசையாக நின்றன. துளசிராமன் பீப்பாயின் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழாயைத் திருகினார். பழுப்பாக, பளபளவென்று இறங்கியது. நுரை மட்டும் இல்லை.

"நொரை காணமே?" என்றார் ஆசீர்வாதம்.

"வயசானா அடங்கிடும். குடி."

ஆசீர்வாதம் ஒரு மடக்குக் குடித்தார். கண் இரண்டும் உள்ளே போயின. உதடு காதுவரை இழுத்துக்கொண்டது. டம்ளரை எட்டத் தள்ளி வைத்தார்.

"காப்பி வருதா? சாக்லேட்டு?" என்று துளசிராமன் பரிதாபமாகக் கேட்டார்.

"துளசி, இது வினிகர்."

துளசிராமன் பிடுங்கிக் குடித்தார். உச்சி மயிர் நட்டுக்கொண்டது. சுத்தமான, அசலான, முதல் தர வினிகர். மூன்று மாதக் காவல், இரண்டு டஜன் ஸ்டவுட், நாலடி பெஞ்சு எல்லாம் அந்த ஒரு மடக்கில் போய்விட்டன. மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை அழுகையாக வந்தது. வெட்கம் பார்க்காமல் கொஞ்சம் அழவும் செய்தார்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பூவம்மாளும் மேரியும் கை நிறையக் காலி ஜாடிகளோடு இறங்கினார்கள்.

"தொறந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு" என்றாள் பூவம்மாள்.

"கண்காட்சி?"

"அது அடுத்த வாரம். ஆறு கேன மாடில கொண்டாந்து ஒளிச்சப்பவே, நான் வூட்ல இல்லாத நாளாப் பாத்துத் தொறப்பீங்கன்னு தெரிஞ்சுகினேன்." ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். "மேரி, சூப்பரா வந்துக்கீது."

"பூவு, உள்ள இருந்தது வினிகர் இல்ல பூவு!"

"தெரியும். மொத நாளே கொழாயத் தொறந்து மோந்து பாத்தேன். ஆனா நீங்க வினிகர்னு சொல்லிட்டீங்களே! குழுவுல பதினோரு பேருகிட்ட என் வூட்டுக்காரு வினிகர் போடறாருன்னு சொல்லிட்டனே! கட்டின புருசன் வாய்வார்த்தைய நான் பொய்யாக்க முடியுமா? மேரி வூட்ல அவங்க அம்மா காலத்துப் பனங்கள்ளு வினிகர் இருந்திச்சு. பாலுக்கு ஒறை ஊத்தற மாதிரி அதுல ஒரு சொம்பு ஊத்தினேன். தெனம் நீங்க மில்லுக்குப் போனதும் தக்கையப் புடுங்கிட்டு மெல்லிசாத் துணி கட்டி வைப்பேன். காத்து பட்டாத்தான் புளிக்குமாம். நீங்க வர நேரத்துக்குத் திரும்ப அடச்சு மெழுகு வச்சுடுவேன்."

ஆசீர்வாதம் தொண்டையைக் கனைத்தார். "தங்கச்சி சொல்றத பாத்தா, கையால, பொறுமையா, மரத்துல... இது அசல் கிராப்ட்டுதான் துளசி. ஆனா பண்ணது நீ இல்ல."

பெஞ்சில் மட்டுமல்ல, இங்கேயும் இனி துளசிராமன் வாய் திறக்காது போலிருந்தது.

பூவம்மாள் பையிலிருந்து குழுவின் தீர்மானப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "வினிகர் பண்ணிக் குடுத்ததுக்கு ஒங்கள கௌரவ உறுப்பினராப் போட்டுக்கீறோம். குழுவுக்குச் சரக்கு பண்றவங்க யாரும் குடிக்கக் கூடாதுன்னு ஒரு விதி கீது. கீழ கையெழுத்துப் போடுங்க. அண்ணே, நீங்க சாட்சி."

ஆசீர்வாதம் தன் பெயரை அழகாக எழுதிப் பேனாவை நீட்டினார். மூன்று மாதமாக ஒரு சொட்டு பீர்கூட நாக்கில் படாத துளசிராமன், மடியில் வழுக்கிய புத்தகத்தில் தன் பெயரை எழுதி முடித்தார்.

பூவம்மாள் குனிந்து பார்த்தாள். "இன்னாங்க இது, குடிச்சிட்டுப் போட்டாப்புல கோணிக்கினு போவுது? ஒழுங்கா இன்னொரு வாட்டி போடுங்க."