தம்மம்பட்டிப் படைக்கு யானை கிடையாது

லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையைத் தாண்டும்போது தின்னர் நெடி மூக்கில் ஏறும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். நான் நின்றுவிடுவேன். அந்த நெடியில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். தூரிகை கழுவிய கிண்ணம் வரும். ஜன்னல் திட்டில் இரண்டு யானைகள் வந்து நிற்கும். கடைசியாக வெட்கம் வரும்.

தலை நரைத்தவன் பொம்மைச் சிப்பாய்களோடு விளையாடினால் ஊர் மன்னித்துவிடும். (ராசிபுரம் இதைவிடப் பெரிய கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறது.) ஆனால் அந்தப் பொம்மைகளுக்குச் சரித்திர நியாயம் பார்க்கத் தொடங்கினால், கூட விளையாட ஒரு ஆள் மிஞ்சாது.

விளையாட்டு எளிமையானதுதான். நாமே பெயின்ட் அடித்த விரல் உயரச் சிப்பாய்கள், போர்க்களமாக ஒரு மேசை, நகர்த்த அளவுகோல், வெட்டப் பகடை. ஆட்டத்துக்கு முன்னால் இரு தரப்பும் தங்கள் படைப்பட்டியலைச் சொல்ல வேண்டும்: வேல்காரர் எத்தனை, குதிரை எத்தனை, இப்படி. பலரும் ஆசைப்பட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்வார்கள். நான் அப்படி இல்லை. என் மல்லசமுத்திரத்துப் பாளையக்காரர் படையில் பாதி பொதிமாடுகள். ஒரு சமையல்காரன் உண்டு. செருப்புத் தைப்பவன் ஒருவன் உண்டு. (இவர்களால் ஆட்டத்தில் ஒரு காசுக்குப் பயனில்லை. ஆனால் உண்மை!)

அதனால் மாடி அறையில் நான் தனியாகவே போர் செய்தேன். கிழக்கு நாற்காலியில் உட்கார்ந்து திடீர்த் தாக்குதல் நடத்துவேன். எழுந்து மேசையைச் சுற்றிவந்து மேற்கு நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தாக்குதலைக் கண்டு திடுக்கிடுவேன். வெளியே காற்றில் வேலிக்காத்தான் அசையும். வென்றாலும் சொல்ல ஆளில்லை, தோற்றாலும் ஏசுவதற்கு ஆளில்லை.

அப்போதுதான் இணையக் குழு ஒன்றில், ‘சேலம் பக்கம் யாராவது ஆடுகிறீர்களா?’ என்று ஒரு வரி கண்ணில் பட்டது. எழுதியவர் சாதிக் பாய், சேலத்தில் துணி வியாபாரம். பெண் கேட்டு வந்த கடிதத்தைப் படிப்பதுபோல அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பேசி முடிவானது: அவர் தம்மம்பட்டிப் பாளையம், நான் மல்லசமுத்திரம், ஆடி மாதக் கடைசியில் போர்.

ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் சிப்பாய்ப் பெட்டி, மறு கையில் டிபன் கேரியர். என் மனைவி சுமதியின் முகம் சுருங்கிவிட்டது. என்னைச் சமையலறைக்கு இழுத்தாள்.

“ஏனுங்க, நம்ம ஊட்ல கை நனைக்க மாட்டாராமா? சோறு கட்டிக்கிட்டு வந்திருக்காரு?”

“தெரியலையே.”

“கறிகூட பாய் கடையிலதான் வாங்கியாந்தேன். அதைச் சொல்லுங்க மொதல்ல!”

மாடியில் அவர் கேரியரைத் திறந்தார். உள்ளே சோறில்லை. ஒவ்வொரு அடுக்கிலும் பஞ்சு, பஞ்சுக்குள் யானை. இரண்டு யானைகள். எட்டிப் பார்த்த சுமதிக்கு மூச்சு வந்தது.

“பஸ்ல நசுங்காம வரணும்ல சார், அதான்,” என்றார் வெட்கத்தோடு.

என்ன யானைகள்! நெற்றியில் பட்டம், காதோரம் ரோஜா நிறப் புள்ளிகள், ஒவ்வொரு கால் நகத்துக்கும் தனித்தனியாக வெள்ளை. என் மனது அவற்றின் காலடியில் விழுந்து கிடந்தது. வாய்தான் எழுந்து நின்று பேசியது.

“பாய், யானை வராதுங்க.”

“ஏன் சார்?”

“இது வறண்ட காடு. சின்னப் பாளையம். யானைக்குத் தழைக்கும் தண்ணிக்கும் எங்க போவான்? தீனி போட்டே குடி முழுகிப்போயிருமுங்க.”

“கொல்லிமலை பக்கத்துலதான சார் இருக்கு? ஒண்ணு எறங்கி வந்திருக்காதா?”

“எறங்கி வந்தா அது காட்டு யானைங்க. படை யானை இல்லீங்க.”

“கோயில் யானையை இரவல் வாங்குனதா வெச்சுக்கலாமே? ஒரே ஒண்ணு.”

“ஆதாரம் இருக்குதுங்களா?”

அவர் இரண்டையும் எடுத்து ஜன்னல் திட்டில், வெளியே பார்த்தபடி நிறுத்தினார். நான் அதோடு விட்டேனா? அவருடைய குதிரைகளை விலை கட்டுப்படியாகாது என்று விரட்டினேன். பீரங்கியை, இழுக்கும் மாடு இல்லை என்று விரட்டினேன். தம்மம்பட்டிக்காரரிடம் கொஞ்சம் வேல்காரர்கள் மட்டும் பாவமாக நின்றார்கள்.

அவர் மெதுவாகக் கேட்டார். “சார், உங்க வேல்காரங்க எல்லாம் யாரு? சம்பளத்துக்கு இருக்கிறவங்களா?”

“இல்லீங்க. பூரா வெவசாயிங்க. கூப்பிட்டா வருவாங்க,” என்றேன் பெருமையாக.

“ஆடி மாசத்துலயா?”

நான் மேசையைப் பார்த்தேன். போர்க்களத்துக்காக நானே சலித்துக் கொட்டிய செம்மண். மழை கண்ட ஆடியில் சோளம் விதைக்காமல் எந்தக் குடியானவன் வேலும் கையுமாகப் போருக்கு வருவான்? பொய் சொல்லியிருக்கலாம். நேர்மை என்ற வியாதி விடவில்லை. ஒவ்வொருவனாக எடுத்து விதைக்க அனுப்பினேன். பிறகு, நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று அவருடைய வேல்காரர்களையும் அனுப்பினேன்.

சுமதி காபியோடு வந்தாள். “சண்டை முடிஞ்சுதுங்களா? யாரு செயிச்சது?”

“இன்னும் ஆரம்பிக்கல.”

“அப்பறம் ஏனுங்க ஒருத்தரையும் காணோம்?”

செம்மண்ணில் பொதிமாடுகளும் அந்தச் சமையல்காரனும் செருப்புத் தைப்பவனும் மட்டும் நின்றிருந்தார்கள். சாதிக் பாய் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். காபியைக் குடித்தார். சாப்பாட்டின்போது கறிக்குழம்பை மட்டும் பாராட்டினார்.

இப்போதும் கோவையில் படிக்கும் மகள் போன் செய்தால் முதல் கேள்வி, “அப்பா, படை வெதைச்சுட்டு வந்துருச்சா?” கல்யாண வீடுகளில் மச்சான்மார்களும் இதையே கேட்கிறார்கள். எல்லோரோடும் நானும் சிரிக்கிறேன். சாதிக் பாய் பிறகு வரவே இல்லை. பண்டிகைக்கு வாழ்த்து வரும், நானும் அனுப்புவேன். எழுந்து மேசையைச் சுற்றிவருவது மறுபடி தொடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். கேரியர் பையை நான்தான் சுமந்தேன். புறப்படும்போது சுமதி கையில் கொடுத்தது. சேலம் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் உள்ளே நீட்டினேன். மடியில் வைத்தவர் துள்ளினார்.

“சார், சுடுது!”

மூடியைத் திறந்தால் குழம்பு. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப என் மனைவிக்கு மனம் வராது. கழுவி, அடுக்கு அடுக்காக நிரப்பிவிட்டாள். யானைகளை நான் பெட்டியில் வைத்திருப்பேன் என்று அவரும், அவர் வைத்திருப்பார் என்று நானும் இருந்துவிட்டோம்.

“எறங்குங்க பாய். ஊட்டுக்குப் போயி எடுத்துக்கலாம். அடுத்த பஸ்ல போலாம். அதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூட...”

விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். சாதிக் பாய் என் கையைத் தட்டிக் கொடுத்து, கம்பியிலிருந்து மெதுவாக விடுவித்தார்.

“இருக்கட்டும் சார், அங்கயே நிக்கட்டும். தீனிக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணுங்க.”