ஓட்டை விழுந்த அலுமினியக் குண்டான்

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் சோப்புக் கட்டிகளும் சுகம். உன் அக்காவின் கோபத்துக்கும் ஒரு குறைவும் இல்லை. உன் சுகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடு.

நீ போனதிலிருந்து கொட்டகையில் உன் பக்கம் கழிவறை கழுவும் ஆசிட் கேன்கள் அப்படியே கிடக்கின்றன, அக்கா தன் பக்கம் சோப்புக் காய்ச்சுகிறாள், நடுவில் நான் லேபிள் ஒட்டுகிறேன். அந்தக் காலைப்பொழுதைக் கொஞ்சம் நினைத்துப் பார். கனமில்லாமல் இருக்கிறதே என்று அவளே ஆசையாய் வாங்கி வந்த அலுமினியக் குண்டானில் சோப்புக்கான காரத்தைக் கரைத்து வைத்தாள், அது நுரைத்துப் பொங்கி அடியில் ஓட்டை விழுந்து மேடையெல்லாம் ஓடியது, "ஆசிட்டக் கொட்டி என் பாத்திரத்த அரிச்சிட்டியேடா, பாவி!" என்று அவள் கத்த, "சத்தியமா நான் தொடலக்கா" என்று நீ சொல்ல, "அப்போ அது தானா ஓட்டையாச்சா?" என்று அவள் கேட்க, நீ செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டாய்.

தானாகத்தான் ஆகியிருக்கிறது, மச்சான்! ரசாயனம் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்தவள், கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கையுறை மாட்டி, ஒரு துண்டு அலுமினியத்தை உன் ஆசிட்டில் போட்டாள், பொங்கியது. இன்னொன்றை அக்காவின் கார நீரில் போட்டாள், அதுவும் பொங்கியது. "இதுக்கு ஈரியல்புன்னு பேரும்மா. ஆசிட்கிட்ட காரம் மாதிரி நடந்துக்கும், காரத்துகிட்ட ஆசிட் மாதிரி நடந்துக்கும். நீ ஊத்தின காரம்தான் அரிச்சிருக்கு. மாமா பாவம்!" உன் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கப்பா மாதிரின்னு சொல்லு. எங்கிட்ட தம்பிக்காகப் பேசுவாரு, அவன்கிட்ட எனக்காகப் பேசுவாரு" என்றாள். நியாயம்தான், ஆனால் இரண்டு பக்கமும் அரிபட்டுக் கரைகிறவன் நானல்லவா?

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் செருப்பை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். ஆனால் "தப்பு என்மேலதான்" என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது, உன் வாசலையும் மிதிக்க மாட்டாள். பிடித்தால் உடும்புப் பிடி, உனக்குத் தெரியாததா? பெரிய மனசு பண்ணி நீயே வந்துவிடு. நான் எழுதினேன் என்று மட்டும் மூச்சு விடாதே. பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
நடுவில் நிற்கும் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் ரத்து. பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். "தபால்ல போட்டா என்னைக்குப் போய்ச் சேர்றது? குடுங்க இங்க" என்று உன் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி நிற்கிறாள். ஆகவே இதை உன்னிடம் நீட்டியவள் இன்னும் வாசலில்தான் நிற்பாள். படித்தது போதும், அக்காவை உள்ளே கூப்பிடு.