வேண்டாம் சொல்ல ஆள் தேடுபவர்

இலிஷ் மீனில் முள் பிரித்துக்கொண்டிருக்கும் அந்த வலது கையைப் பாருங்கள். பெருவிரலும் அடுத்த இரண்டும் மரத்துப்போனவை. எதைத் தொட்டாலும் பஞ்சுதான். ஆனாலும் கைக்குச் சொந்தக்காரரான ஹிமாத்ரி சான்யால், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், கல்கத்தாவில் பிறந்தவன் கரண்டியால் மீன் தின்பதா என்று விரலை விட்டுத் துழாவுகிறார். இவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்டே ஆயுளைக் கழிக்கிற இனம்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சின்னக் கத்தி வேலைதான், தள்ளிப்போட்டால் பெருவிரலின் அடிச்சதை கரைந்துவிடும், கரைந்தது முழுசாகத் திரும்பாது என்று மருத்துவர் தெளிவாகத்தான் சொன்னார். புரியாமலா போயிற்று? புரிந்தது. பிடிக்கவில்லை. ஆகவே வேண்டாம் என்று சொல்ல ஆள் தேடிப் புறப்பட்டார். ஹோமியோபதிக்காரர் சர்க்கரை உருண்டை கொடுத்தார். தேநீர்க்கடைக் கூட்டம் அரசியலை ஒத்திவைத்துவிட்டு இவர் நரம்பை எடுத்துக்கொண்டது. மீன்காரர் தன் மைத்துனனுக்கு முதுகில் கத்தி வைத்த கதையைச் சொன்னார். முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? கேட்கக் கூடாது. வேண்டாம் என்பவர் அனுபவசாலி. வேண்டும் என்பவருக்கு அந்த ஆஸ்பத்திரியில் கமிஷன்.

நோயாளிகளைத் தூக்கிக் குளிப்பாட்டியே பிழைத்தவள் நான். மாடியில் குடியிருக்கிறேன். மாசி, அதாவது சித்தி, என்று முறை வைத்து என்னையும் கேட்டார்.

"நர்ஸ் மாசி, நீங்களே சொல்லுங்க, பண்ணிக்கலாமா?"

"பண்ணிக்கோ."

"என்ன மாசி, இப்படி அவசரப்படுறீங்க! துர்கா பூஜை முடியட்டும்."

பூஜை முடிந்தது, புத்தகச் சந்தை வந்தது. அதுவும் முடிந்தது, வெயிலில் புண் ஆறாது என்றார். மழை வந்தது, மழையோடு இலிஷ் வந்தது. இதற்குள் சட்டைப் பொத்தான் போட்டுவிடும் வேலை மனைவி சர்பாணிக்குப் போயிருந்தது.

அன்று மதியம் முள் விரலுக்குத் தெரியவில்லை. தொண்டைக்குத் தெரிந்தது.

"வெறுஞ்சோத்தை உருட்டி முழுங்குங்க! இன்னும் பெருசா!" என்று சர்பாணி கத்தியது மாடிவரை கேட்டது. டார்ச்சும் இடுக்கியுமாக இறங்கி, "வாயைத் தொற" என்று அதட்டி முள்ளை உருவினேன். குரல் வந்ததும் மனிதர் என்ன கேட்டார் தெரியுமா?

"மாசி, இதுக்கும் நரம்புக்கும் சம்பந்தம் இருக்குமோ? நம்ம ஹோமியோபதிக்காரரை ஒரு வார்த்தை..."

"ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வந்துது, மிச்ச மீனை முள்ளோட திணிச்சிடுவேன்" என்றாள் சர்பாணி. "நாளைக்குக் காலையில என்கூடக் கிளம்புறீங்க."

மறுநாள் காலை மூவரும் போனோம். பரிசோதித்த மருத்துவர், கரைந்த சதையில் பாதி திரும்பினாலே அதிர்ஷ்டம், மிச்சத்தையாவது காப்பாற்றலாம், வெளியே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள் என்றார். வெளியே பெஞ்சில் மணிக்கட்டுப் பட்டையோடு ஒருவர் இருந்தார். சான்யால் அவரை அண்ணனாக்கிக்கொண்டு பக்கத்தில் நகர்ந்தார்.

"தாதா, பண்ணிக்கலாமா?"

"வேண்டவே வேண்டாம். நானே மூணு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்."

சான்யாலின் முகம் மலர்ந்தது. அதற்குள் சர்பாணி உள்ளே போய் வியாழக்கிழமைக்கு நாள் வாங்கிவிட்டாள்.

பட்டைக்காரரை நான் நன்றாகவே பார்த்தேன். பேசும்போதெல்லாம் மரத்த கையை உதறிக்கொண்டிருந்தார். சற்றுமுன் இதைப் படித்துக்கொண்டே நீங்களும் உங்கள் கையை உதறிக்கொண்டீர்களே, அதேபோல.