பொய் கம்ப்யூட்டரும் வில்சன் அத்தானின் பென்டிரைவும்

படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருக்கும் காலத்தில் மனிதனுக்கு அறிவு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். எனக்கு வழிந்தது.

அப்போது நான் பாறசாலையில் லீமா அக்கா வீட்டில் இருந்தேன். அவள் கணவர் வில்சன் அத்தான் புதிதாக மைக்செட் கடை போட்டிருந்தார். கடைக்கென்று அவர் வாங்கிய லேப்டாப்பை நான்தான் அதிகம் தொட்டேன். அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் எனக்கு இன்டர்வியூ. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். நன்றாகத் தெரியும் என்று எழுதி அனுப்பியிருந்தேன் (சத்தியமாகத் தெரியாது).

அன்று பக்கத்து ஊரான காரோட்டில் மாதா கோயில் திருவிழா. அத்தானுக்கு முதல் பெரிய வேலை. ஒழுங்காக நடந்தால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் கூப்பிடுவார்கள். சொதப்பினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். பாட்டுகளும், ஒரு ஆளைப் பிடித்துத் தமிழிலும் மலையாளத்திலும் பேசவைத்துப் பதிவுசெய்த அறிவிப்புகளும் ஒரே பென்டிரைவில் இருந்தன. அது லேப்டாப்பில் செருகியபடியே கிடந்தது.

"மக்கா, அஞ்சு மணிக்கு ஆட்டோ வரும். எதையும் கெடுத்துராத" என்றார் அத்தான்.

"அத்தான், இதுக்குள்ள பொய்யா ஒரு கம்ப்யூட்டர் உண்டாக்கி அதுலயாக்கும் லினக்ஸ் போடப்போறேன். உங்க கம்ப்யூட்டர்ல ஒரு தூசி விழாது!"

அவர் நம்பி ஸ்பீக்கர் கட்டப் போய்விட்டார், பாவம்.

அந்தப் பொய் கம்ப்யூட்டருக்கு ஒரு பொய் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். அதை உண்டாக்கவா என்று கேட்டபோது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிவிட்டேன். லினக்ஸ் இருந்த என் பென்டிரைவை இணைக்கப் போனால், பட்டியலில் இரண்டு தெரிந்தன. எது என்னுடையது என்று பார்க்கச் சோம்பல். இரண்டையும் இணைத்தேன்.

லினக்ஸ் வந்தே விட்டது! எங்கே நிறுவுவது என்று ஒரே ஒரு டிஸ்க்கைக் காட்டி, இதிலுள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. காப்பி கொண்டுவந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எலே, அழிக்கட்டான்னுல்லா கேக்குது?"

"அழிக்கட்டும்க்கா. அது பொய் டிஸ்க் ஆக்கும்."

"அத்தான்ட்ட ஒரு வார்த்தை கேளு."

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லி என்டரை ஒரு தட்டுத் தட்டினேன்.

ஐந்து மணிக்கு அத்தான் வந்து பென்டிரைவைத் திறந்தார். "மக்கா, பாட்டு எங்கல?"

பொய் டிஸ்க்கை நான் உண்டாக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் பொய்தான், அதற்குள் நான் கொடுத்த பென்டிரைவ் அசலாயிற்றே! திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். அத்தான் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். ஏசவே இல்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பாட்டை செல்போன்ல எறக்கிரலாம்" என்றார் மெதுவாக. "கொரல் குடுத்த ஆளு கடலுக்குப் போயாச்சு. அறிவிப்பை ஆரு சொல்லுவா?"

"அழிச்சவன் சொல்லட்டு" என்றாள் அக்கா.

அப்படித்தான் ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்தேன். தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை என்று சொல்ல வேண்டும். பயத்தில் இரண்டும் ஒன்றாக வந்தன. "தேரு இதா வருந்நுண்டு, எல்லாரும் ஒதுங்கி நிக்கணே மக்கா!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆனால் ஒதுங்கியது. கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். "நீல உடுப்பு, ஒரு கால்ல செருப்பு இல்ல, பேரு கேட்டா கூடுதல் கரச்சில். அம்மா ஓடி வரணே!" அம்மா ஓடி வந்தாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு என் கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்கே அழுகை வந்துவிட்டது.

பங்குச் சாமியார் அத்தானிடம் வந்தார். "போன வருஷம் ரெக்கார்டு பாடிட்டே கெடந்துது, ஒரு பிள்ளையைக் கண்டுபிடிச்சுத் தரல்ல. அடுத்த வருஷமும் இவனையே கொண்டு வாரும்."

அத்தான் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கடை இன்று ஓஹோவென்று நடக்கிறது. இன்டர்வியூவில் இந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்கும் வேலை கிடைத்தது.

பிறகு அதியன்னூரில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பையன் எப்படி என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"பையன் தங்கம்" என்றார் அத்தான். "எதையும் நம்பிக் குடுக்கலாம். பென்டிரைவ் மட்டும் கையில குடுக்காண்டாம்."

உள்ளறையில் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. கல்யாணமாகி எட்டு வருடமாகிறது. இன்றுவரை தன் செல்போனில் எனக்குப் படம் காட்டுவதென்றால், அவளே பிடித்துக்கொண்டுதான் காட்டுகிறாள்.